'இடமில்லை' என்ற பதில்

கடந்த ஒரு வருடத்தில் நான் அதிகம் கேட்ட சொல் 'இடமில்லை'. பெண்கள் சைக்கிள் ரேஸில் புதிதாக வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு ஸ்டார்ட் கொடுங்கள் என்று கேட்டபோது அட்டவணையில் இடமில்லை என்றார்கள். சாலையில் திரிந்த ஒரு பெரிய நாயை யாராவது எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டபோது வீட்டில் இடமில்லை என்றார்கள். சொன்னவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான். ஆனாலும் அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ரேஸ். நான் வேலைக்குப் போகிறவள். விடியற்காலையில் பயிற்சி, விடுமுறை நாளில் ரேஸ். பெண்கள் பிரிவில் ஆள் குறைவு என்பதால் பெரும்பாலும் எல்லாரையும் ஒரே கூட்டமாக விட்டுவிடுவார்கள். பத்து வருடமாக ரேஸ் ஓட்டுகிறவரும், வாழ்க்கையில் முதல் தடவையாகச் சட்டையில் நம்பர் குத்திக்கொண்டு வந்த பெண்ணும் ஒரே கோட்டில் நிற்பார்கள்.

இதில் என்ன கஷ்டம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புரியாது. சமதளத்தில் வேகமாகப் போகும்போது நம்மைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் காற்றுதான். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டியே போனால் உழைப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும். ஆனால் அப்படி ஒட்டிப் போவது ஒரு பழக்கம். கூட்டத்துக்குள் இருந்துதான் அதைக் கற்றுக்கொள்ள முடியும். புதியவள் ஒரு வளைவில் பயந்து பிரேக்கைக் கொஞ்சம் அதிகமாகப் பிடித்துவிட்டால் முன்னால் இரண்டு சைக்கிள் நீளத்துக்கு இடைவெளி விழும். அனுபவம் உள்ளவர்கள் வளைவு முடிந்ததும் எழுந்து மிதிப்பார்கள். அவ்வளவுதான், இரண்டு நீளம் இருபது நீளமாகிவிடும். மீதித் தூரம் முழுக்க அவள் தனியாகக் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும்.

என் முதல் ரேஸ் 60 கிலோமீட்டர். பன்னிரண்டாவது நிமிடத்தில் கூட்டத்தை விட்டேன். அதற்குப் பிறகு ஒருவரையும் பார்க்கவில்லை. விடாமல் ஓட்டி முடிவுக்கோட்டுக்கு வந்தபோது அங்கே தோரணம் மாதிரி நிறுத்தியிருந்த காற்றடைத்த வளைவை இறக்கி மடித்துக்கொண்டிருந்தார்கள். நேரம் பதிவு செய்யும் பாயைச் சுருட்டி வண்டியில் ஏற்றியிருந்தார்கள். ஒருவர் என் நம்பரைப் பார்த்துவிட்டு, "நீங்களும் ரேஸ்ல இருந்தீங்களா?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். எனக்குத்தான் தொண்டை அடைத்தது. அன்று முதல் தடவையாக ஓட்டியவர்கள் மூன்று பேர். மற்ற இருவரையும் அதற்குப் பிறகு நான் எந்த ரேஸிலும் பார்க்கவில்லை.

இதைச் சொன்னால், "பெண்கள் ரேஸுக்கு ஆளே வருவதில்லையே" என்பார்கள். ஆள் வராததற்கு என்ன காரணம் என்று யோசிக்க வேண்டாமா? ஒலிம்பிக்ஸில் 1896-லேயே ஆண்கள் சாலைப் பந்தயம் ஓட்டினார்கள். பெண்களுக்கு அது கிடைத்தது 1984-ல். நடுவில் 88 வருடம்! அந்தக் காலத்திலும் பெண்கள் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். பிரிட்டனில் பெரில் பர்ட்டன் என்று ஒருவர். பண்ணையில் வேலை செய்துகொண்டு, கடைசிவரை அமெச்சூராகவே ஓட்டியவர். 1967-ல் ஒரு 12 மணி நேரப் பந்தயத்தில் 277.25 மைல், அதாவது சுமார் 446 கிலோமீட்டர் ஓட்டினார். ஆண்களின் சாதனையையே தாண்டிய தூரம் அது. வழியில், அன்று ஆண்கள் பிரிவில் முன்னணியில் இருந்தவரைத் தாண்டும்போது அவரிடம் ஒரு மிட்டாயை நீட்டினார் என்பார்கள். டோக்கியோவில் 2021-ல் பெண்கள் சாலைப் பந்தயத்தில் தங்கம் வாங்கிய ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர் ஒரு கணித ஆய்வாளர். எந்தத் தொழில்முறை அணியிலும் அப்போது அவருக்கு ஒப்பந்தம் இல்லை. ஆரம்பத்திலேயே பிரிந்து போய், கடைசியில் தனியாளாக ஓட்டி வந்து ஜெயித்தார். இரண்டாவதாக வந்தவர், தான்தான் ஜெயித்ததாக நினைத்துக் கையைத் தூக்கினார். முன்னால் ஒருத்தி போய்விட்டாள் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

அமெச்சூர் ரேஸை ஒப்புக்கு நடத்துகிறவர்களிடம் இந்தக் கதையை நான் சொல்லாமல் விடுவதே இல்லை.

சரி, நாய்க்கு வருகிறேன். செவலையை நான் சந்தித்ததும் சைக்கிளில்தான். இருட்டு பிரியாத நேரம். பின்னால் தார்ச்சாலையில் நகம் உரசும் சத்தம். திரும்பினால், தலை என் சைக்கிளின் மேல்கம்பி உயரத்துக்கு வரும் ஒரு நாய் ஓடி வருகிறது. ஓடுவதைத் துரத்துவது நாயின் இயல்பு. நாம் வேகத்தைக் கூட்டினால் அதுவும் கூட்டும். அதனால் நின்றேன். இறங்கி, சைக்கிளை எனக்கும் அதற்கும் நடுவில் வைத்துக்கொண்டேன். அதுவும் நின்றுவிட்டது. அப்போதுதான் கழுத்தைக் கவனித்தேன். விரல் அகலத்துக்கு ரோமம் தேய்ந்து ஒரு வளையம். வெகுகாலம் பட்டை போட்டிருந்த கழுத்து. யாரோ வளர்த்து, யாரோ விட்டுவிட்டுப் போன நாய்.

அன்றிலிருந்து தினமும் அதே இடத்தில் கொஞ்சம் சாப்பாடு வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். பன்னிரண்டாவது நாள் என் பின்னாலேயே நடந்து வந்தது. கால்நடை மருத்துவர், உரிமையாளரைக் கண்டுபிடிக்கத் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப் இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. விசாரித்த இடங்களில் உரிமையாளர் யாரும் கிடைக்கவில்லை. எடை 27 கிலோ. அந்த எலும்புக்கு இன்னும் பத்துக் கிலோவாவது வேண்டும் என்றார். பட்டினி கிடந்த நாய்க்கு ஒரே வேளையில் வயிறு முட்டக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து என்றார். அதனால் ஒரு நாள் சாப்பாட்டை ஐந்தாகப் பிரித்துக் கொடுத்தோம். வெறிநாய்க்கடித் தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணிக்காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்தன.

கேட்டவர்கள் எல்லாரும் இடமில்லை என்றதால் நானே வைத்துக்கொண்டேன். பெரிய நாய் என்றால் பெரிய வீடு வேண்டும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். செவலை ஒரு நாளில் பாதிக்கு மேல் தூங்குகிறான். அவனுக்கு வேண்டியது தினம் இரண்டு நடை, நேரத்துக்குச் சாப்பாடு, அவனுடையது என்று ஒரு மூலை. கஷ்டம் இல்லாமல் இல்லை. மருந்தெல்லாம் எடைக் கணக்கில்தான் என்பதால் செலவு கூடும். நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. சாப்பிட்டதும் ஓட விடக் கூடாது. பெரிய நாய்களுக்கு ஆயுளும் சின்ன நாய்களைவிடக் குறைவு. அதை நினைத்தால் இப்போதே மனசு கனக்கிறது. இதெல்லாம் தெரிந்து, முடியாது என்று ஒருவர் சொன்னால் அது நேர்மையான பதில். 'இடமில்லை' என்பதைத்தான் நான் ஏற்கவில்லை.

சாலையில் சைக்கிளைத் துரத்தியவன் வீட்டுக்குள் அதைக் கண்டு நடுங்கினான். மிதிக்காமல் உருட்டும்போது பின்சக்கரத்தில் 'டிக் டிக் டிக்' என்று வரும் அந்த ஃப்ரீவீல் சத்தம் கேட்டதும் மேசைக்கு அடியில் போய்விடுவான். அவ்வளவு பெரிய உடம்பு அதற்குள் அடங்காது. முதுகு மேசையை முட்டித் தூக்கும். அப்புறம் சைக்கிளை அடுத்த அறையில் கவிழ்த்து வைத்துச் சக்கரத்தைக் கால் சுற்று மட்டும் சுற்றினேன். ஒரு தின்பண்டம். மறுநாள் அரைச் சுற்று. ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் எனக்கு என் முதல் ரேஸ்தான் ஞாபகத்துக்கு வந்தது. புதிதாக வருகிறவளுக்கும் இந்தக் கால் சுற்றுத்தானே வேண்டும்?

ரேஸ் நடத்துகிறவர்களிடம் மறுபடியும் போய்க் கேட்டேன். இந்தத் தடவை இன்னும் நான்கு பெண்கள் என்னோடு வந்தார்கள். முதன்மைக் கூட்டம் போன ஐந்து நிமிடம் கழித்துப் புதியவர்களுக்குத் தனி ஸ்டார்ட், கடைசிப் பெண் வரும்வரை முடிவுக்கோட்டு வளைவை இறக்கக் கூடாது, இவ்வளவுதான் கேட்டோம். அட்டவணையில் ஐந்து நிமிடம் கிடைத்தது. ஏழு பேர் வந்தார்கள்.

என் ரேஸ் முடிந்ததும் செவலையோடு கோட்டிலிருந்து சற்றுத் தள்ளிப் புல்லில் உட்கார்ந்தேன். ஆறு பேர் வந்துவிட்டார்கள். வெகு நேரம் கழித்து ஏழாவது பெண் வந்தாள். முகமெல்லாம் உப்பு பூத்திருந்தது. கோட்டைத் தாண்டி மிதிப்பதை நிறுத்தியதும் 'டிக் டிக் டிக்' என்று சக்கரம் எங்கள் பக்கமாக உருண்டு வந்தது. செவலையின் காது நிமிர்ந்தது. எழுந்திருக்கவில்லை.

"அக்கா, இன்னும் வளைவு நிக்குதே!" என்றாள் அவள்.