எக்ஸ்ரேயில் தெரியாத கிழிசல்
"எக்ஸ்ரேயில் முறிவு இல்லையென்றால் வெறும் சுளுக்குதான், தானாகச் சரியாகிவிடும்" என்று மணிக்கட்டு அடி பற்றிய இந்தக் கட்டுரையில் இருப்பதை அப்படியே நம்ப வேண்டாம், குருத்தெலும்புக் கிழிசலும் ஜவ்வுக் கிழிசலும் எக்ஸ்ரேயில் நேரடியாகத் தெரியாது. சோமனூரில் விசைத்தறி ஓட்டும் என் மச்சான் வழுக்கி விழுந்து கையை ஊன்றியவர், எக்ஸ்ரே நன்றாக இருக்கிறதென்று எண்ணெய்க் கட்டிலேயே 5 மாதம் ஓட்டிவிட்டார், சாவி திருகினாலே சுண்டுவிரல் பக்கத்து மணிக்கட்டில் சுரீரென்று வலி. அப்புறம் கோவையில் எம்ஆர்ஐ எடுத்தபோதுதான் அந்தப் பக்கத்தில் எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் முக்கோணக் குருத்தெலும்பின் ஓரம் கிழிந்திருப்பது தெரிந்தது. ஓரத்தில் ரத்த ஓட்டம் உண்டு, தைத்தால் கூடும். நடுவில் அது இல்லை, அங்கே பெரும்பாலும் பிசிறைச் சீவி எடுப்பார்கள். எம்ஆர்ஐ கூடச் சில கிழிசல்களைத் தவறவிடும், மணிக்கட்டுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பதுதான் உறுதியான சோதனை. ஆபரேஷன் செய்தே ஆக வேண்டுமா என்று மேலே ஒருவர் பயந்து கேட்டிருக்கிறார், எல்லோருக்கும் ஆபரேஷன் வேண்டியதில்லைங்க, மூட்டு ஆட்டம் காணாவிட்டால் முதலில் சில வாரம் ஸ்பிளிண்ட் போட்டு அசையாமல் வைத்தாலே பலருக்கு வலி குறைந்துவிடும்.