டீமுக்கு வெளியே நிற்கும் பிள்ளைகள்

ஒரு பள்ளி விளையாட்டில் எப்படி என்று கேட்டால் எல்லோரும் ஹெட்மாஸ்டர் ரூமில் இருக்கும் கோப்பைகளைத்தான் காட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த வருடம் எத்தனை பிள்ளைகள் ஏதாவது ஒரு டீமில் ஆடினார்கள் என்பதுதான் என் கேள்வி. ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கமெல்லாம் ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் பேர் படிக்கிற மேல்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன. நான் பார்த்த வரை அங்கே விளையாட்டு நாற்பது ஐம்பது பிள்ளைகளோடு முடிந்துவிடுகிறது. மற்ற எல்லோரும் விளையாட்டு விழா அன்றைக்கு வெயிலில் உட்கார்ந்து கைதட்டுகிறார்கள்.

இடம் இல்லை என்று சொல்ல முடியாது. கபடிக்கு ஒரு டீமுக்கு 12 பேர். 14, 17, 19 வயது என்று மூன்று பிரிவு. இருபாலரும் படிக்கும் பள்ளி என்றால் ஆறு டீம், 72 பிள்ளைகள். இதோடு கோ-கோ, வாலிபால், எறிபந்து, கூடைப்பந்து எல்லாம் சேர்த்தால் 300 பேருக்கு மேல் இடம் இருக்கிறது. நடப்பது என்ன? கபடியில் ரைடு போகிற அதே பையன்தான் கோ-கோவில் ஓடுகிறான், அவனேதான் 400 மீட்டரிலும் நிற்கிறான். ஒரே நாளில் இரண்டு போட்டி வந்துவிட்டால் எதில் இறக்குவது என்று பி.டி. சார் தலையைப் பிடித்துக்கொள்கிறார்.

அப்புறம் அந்தக் குறுவட்டப் போட்டி, அதாவது பக்கத்துப் பள்ளிகளுக்குள் நடக்கும் முதல் கட்டப் போட்டி. ஜூன் மாதம் பள்ளி திறக்கிறது, அவசர அவசரமாக ஒரு செலக்‌ஷன், சில வாரப் பயிற்சி. போய் முதல் ஆட்டத்தில் தோற்றால் அந்த வருடக் கதை முடிந்தது. அரை மணி நேரம் ஆடியதோடு சரி. செலக்‌ஷனிலும் பதின்மூன்று வயதிலேயே உயரமாகிவிட்ட பிள்ளைகளைத்தான் எடுப்பார்கள். இரண்டு வருடம் கழித்து வளரப் போகிற பையன் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடுகிறான், திரும்ப யாரும் அவனைக் கூப்பிடுவதில்லை. இத்தனைக்கும் ஆறாம் வகுப்பில் சேர்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் சுற்றுவட்டார ஊர்களின் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து வருகிறவர்கள். அங்கே உடற்கல்வி ஆசிரியர் பணியிடமே கிடையாது. பந்தை ஒழுங்காக எறியவே யாரும் சொல்லித்தராத பிள்ளையை ஒரு நாள் மாலையில் பார்த்து "இவனுக்கு வராது" என்று எப்படி முடிவு செய்ய முடியும்?

ஈரோடு மாவட்டம் கோபி பக்கம் ஒரு பள்ளியில் பெண் பிள்ளைகளின் கபடிப் பயிற்சியைச் சில மாலைகள் நின்று பார்த்திருக்கிறேன். செம்மண் தரை. ஹோஸ் பைப்பில் தண்ணீர் விட்டு, புழுதி அடங்கினதும் சுண்ணாம்புத் தூளில் கோடு போடுவார்கள். அந்த டீச்சர் முதல் டீமையும் இரண்டாம் டீமையும் எதிரெதிரே நிறுத்திவிடுவார். இரண்டாம் டீமில் இடது கார்னரில் ஒரு ஒல்லியான பிள்ளை. ரைடர் உள்ளே வந்து கையை நீட்டும்போதெல்லாம் அவள் அசையவே மாட்டாள். ரைடர் திரும்புவதற்காகப் பின்காலை ஊன்றுவாள் பாருங்கள், அந்த நொடியில் பாய்ந்து கணுக்காலைப் பிடித்துவிடுவாள். பள்ளியின் நம்பர் ஒன் ரைடர் ஒரே மாலையில் அவளிடம் திரும்பத் திரும்ப மாட்டினாள். கோபம் வந்தது, பிறகு காலை மாற்றி ஊன்றக் கற்றுக்கொண்டாள். நல்ல டீம் இப்படித்தான் உருவாகிறது. எதிரே நின்று பிடிக்க ஆள் இல்லாத ரைடர் எத்தனை மாதம் ஓடினாலும் வெறும் ஓட்டம்தான் பழகுவாள். 'பி டீம்' வீண் செலவு என்று சொல்கிறவர்கள் ஒரு நாள் மைதானத்தில் வந்து நின்று பார்க்க வேண்டும்.

அங்கேதான் ஓர் அம்மா கேட்டிலேயே நின்றபடி டீச்சரிடம் சொன்னார்: "இவ ஆடறதுல எங்களுக்கு ஒன்னும் இல்லீங்க டீச்சர். அஞ்சு மணி பஸ்ஸ உட்டா அடுத்தது ஏழு மணிக்குத்தானுங்க. இருட்டுல தோட்டத்துக்கு எப்புடீங்க தனியா அனுப்பறது?" பெண் பிள்ளைகளை வீட்டில் ஆட விடுவதில்லை என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். நம் பக்கம் வீடுகள் ஊருக்குள்ளே இல்லை, பாதிப் பேர் தோட்டத்துச் சாளையில், காட்டுக்குள்ளேயே வீடு கட்டி இருக்கிறார்கள். பஸ் இறங்கி ஒரு மைல் வண்டிப்பாதையில் நடக்க வேண்டும். கடைசி இரண்டு பீரியடைப் பயிற்சிக்கு ஒதுக்கினால் அந்தப் பிள்ளை அஞ்சு மணி பஸ்ஸையே பிடித்துவிடும். இதற்குத் தேவை டைம்டேபிளில் ஒரு மாற்றம், அவ்வளவுதான்.

சாப்பாடும் இருக்கிறது. 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கானது. காலை ஆறரைக்கு மைதானத்துக்கு வருகிற ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை டீத்தண்ணி குடித்துவிட்டு வந்திருக்கும். முட்டை மதியச் சத்துணவில்தான். நாட்டுக்கே முட்டை அனுப்பும் நாமக்கல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பயிற்சி முடிந்த பிள்ளைக்கு ஓர் அவித்த முட்டையும் ஒரு பிடி நிலக்கடலையும் கொடுக்க முடியவில்லை என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. பழைய மாணவர் சங்கங்கள் மேடை கட்டித் தருகிறார்கள், ஆர்.ஓ. மெஷின் வைக்கிறார்கள். நல்லது. ஒரு வருடம் அந்தப் பணத்தை முட்டைக்குக் கொடுங்கள்.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கினார், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். பள்ளியில் அவருக்குப் பிடித்தது வாலிபால். இந்தப் பையன் உயரம் தாண்டுவான் என்று கண்டு அந்தப் பக்கம் திருப்பிவிட்டவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். ஐந்து வயதில் விபத்தில் கால் பாதிக்கப்பட்ட பையன் மைதானத்துக்குள் இருந்தான், அதனால்தான் அவர் கண்ணில் பட்டான். ஓரத்தில் உட்கார வைத்திருந்தால்? அதே மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி கிரிக்கெட் வீரர் நடராஜன் 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு இறங்கினார். இருபது வயது வாக்கில்தான் அவர் கைக்கு லெதர் பந்து வந்தது. அதுவரை டென்னிஸ் பந்துதான்.

பெற்றோர் கேட்கிற முதல் கேள்வி "சர்டிபிகேட் கெடைக்குமுங்களா?" என்பது. அரசு வேலையில் 3 சதவீதம், இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் 500 சீட் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது, அதனால் கேட்கிறார்கள். தறிப்பட்டறையில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிற அப்பா கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் அந்தச் சீட்டுகள் எத்தனை பேருக்கு எட்டும்? சர்டிபிகேட் ஒன்றையே குறி வைத்தால் பள்ளியும் அந்த நாற்பது ஐம்பது பேரையே திரும்பத் திரும்பப் பழக்கும். மற்ற பிள்ளைகளின் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். பதினொன்றாம் வகுப்புக்கு 2025-26 முதல் பொதுத்தேர்வு இல்லை என்று ஆகியிருக்கிறது. அந்த ஒரு வருடத்தையாவது மைதானத்துக்குத் திருப்பித் தர வேண்டும்.

நான் கேட்பது பெரிய ஸ்டேடியம் இல்லை. வகுப்புக்கு வகுப்பு லீக். 9-ஏ, 9-பி, 9-சி என்று ஒவ்வொரு பிரிவிலும் பையன்களில் ஒரு டீம், பெண் பிள்ளைகளில் ஒரு டீம், வருடம் முழுக்க ஆட்டம். விசில் ஊத பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள். பள்ளி டீமை இந்த ஆட்டங்களைப் பார்த்து எடுக்கட்டும். பி.டி. சாரும் பாவம், பிரேயரிலிருந்து சைக்கிள் வழங்குவது வரை அவர் தலையில்தான் விழுகிறது. அந்த வேலைகளை வேறு யாராவது பகிர்ந்துகொண்டாலே அவர் மைதானத்துக்கு வந்துவிடுவார்.

எங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இந்த லீக்கையும் கடைசிப் பீரியடுப் பயிற்சியையும் தீர்மானமாக வைக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன். முட்டைச் செலவுக்கு என்னோடு படித்த எங்கள் செட் ஆட்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். கபடி, வாலிபால் ஆடிய பழைய ஆட்கள் யாராவது சனிக்கிழமை காலையில் வந்து பிள்ளைகளோடு நிற்க முடியும் என்றால் கமென்ட்டில் சொல்லுங்கள். பெண் பிள்ளைகள் டீமுக்கு அக்காமார் இரண்டு பேராவது வேண்டும்.