மாதத்துக்கு 28 நாளாம்!

சம்பளம் வருடத்துக்கு 12 தடவை. மொபைல் ரீசார்ஜ் மட்டும் 13 தடவை! 28 நாள் பேக்கின் சூட்சுமமே அதுதான். 28-ஐ 13-ஆல் பெருக்கிப் பாருங்கள், 364. 2022-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தலையிட்டு, மொபைல் கம்பெனிகள் 30 நாள் பேக்கும் வைத்தே ஆக வேண்டும் என்றது. சரி, வைத்தார்கள். ஆப்பில் விரல் வலிக்கத் தேடினால் கிடைக்கும்.

எங்கள் தெருத் தையல்காரருக்கு பிளவுஸ் தைத்தால் காசு, இல்லாவிட்டால் இல்லை. கல்யாணம் இல்லாத ஆடியில் மெஷின் மேல் துணி போர்த்தியே கிடக்கும். அவரும் 28 நாளைக்கொரு தடவை ஊசி வாடகை கேட்கலாமே? கேட்கமாட்டார், பாவம்.

அம்மாவின் பட்டன் போனுக்கு மாதம் நாலு கால் வந்தாலே அதிகம். அதற்கும் நேற்று விடியற்காலையில் மெசேஜ்: "உங்கள் பேக் நாளை முடிகிறது."