அந்த ஒரு மணி நேரம் எந்த ஒரு மணி நேரம்?

"ஒரு மணி நேரந்தானுங்க, அதுல என்ன வந்துடப் போகுது?" குடியிருப்புத் தெருவில் இருக்கும் பாருக்கு நேரத்தை நீட்டித்துக் கேட்பவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். வீடும் கடையும் தறியும் சுவரோடு சுவராக ஒட்டிக் கிடக்கும் சேலத்தில் இதற்கு என் பதில்: அது எந்த ஒரு மணி நேரம்? மாலை ஏழிலிருந்து எட்டு என்றால் ஒன்றும் வராது. இரவு பத்திலிருந்து பதினொன்று என்றால் வரும்.

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் காலை 6 முதல் இரவு 10 வரை பகல் என்றும், 10 முதல் காலை 6 வரை இரவு என்றும் பிரிக்கின்றன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. டாஸ்மாக் கடை பகல் 12-க்குத் திறந்து இரவு 10-க்குச் சாத்துகிறது என்பதால் அதன் வியாபாரம் முழுக்க 55-க்குள் அடங்கிவிடுகிறது. பத்தைத் தாண்டி நீட்டிக்கும் ஒவ்வொரு நிமிடமும் 45-இல் போய் விழும். வெறும் பத்து எண் வித்தியாசம் என்று எண்ண வேண்டாம். டெசிபலில் பத்து குறைந்தால் ஒலியின் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். கூடுதல் நேரம் கேட்பவர் அந்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கு ஒலி ஆற்றலில் கடையை நடத்திக் காட்ட வேண்டும். இந்தக் கணக்கை யாரும் மனுவில் எழுதுவதில்லை.

பாட்டை நிறுத்திவிட்டால் தீர்ந்ததா? தீராது. தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் ஷட்டரை இறக்கிய பிறகு வரும் அரை மணி நேரம்தான். குரலை உயர்த்திப் பேசும் ஒருவரின் சத்தம் ஒரு மீட்டர் தள்ளி 65-இலிருந்து 70 டெசிபல் இருக்கும். தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 குறையும் என்பதால், பத்து மீட்டரில் 45-இலிருந்து 50 ஆகிவிடும். நான்கு பேர் சேர்ந்து பேசினால் 6 கூடும். ஆக, பைக் மேல் சாய்ந்துகொண்டு நான்கு பேர் "மாப்ள, இன்னொண்ணு போலாமா" என்று நின்றால், பத்து மீட்டர் தள்ளியுள்ள படுக்கையறை ஜன்னலில் 51 முதல் 56 வரை வரும். பகல் கணக்கில் அது எல்லையை ஒட்டியது, இரவுக் கணக்கில் தெளிவான மீறல். "வெளியே நிக்கிறவங்களுக்கு நாங்க என்னங்க பண்றது" என்பார் கடைக்காரர். அப்படியானால் கூடுதல் நேரத்தையும் அவரிடம் கொடுக்கக் கூடாது.

அடுத்தது கட்டடம். நம் ஊர் பார்களில் பலவும் தகரக் கொட்டகை. சத்தத்தைத் தடுப்பது எடை. அரை மில்லிமீட்டர் தகரம் ஒரு சதுர மீட்டருக்கு 4 கிலோ, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் 400 கிலோவுக்கு மேல். தகரத்துக்கு அடியில் தெர்மாகோலும் முட்டை அட்டையும் ஒட்டிவிட்டு "சவுண்ட் ப்ரூஃப்" என்று சொல்வது ஊரை ஏமாற்றும் வேலை. அவை உள்ளே எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், வெளியே போவதைத் தடுக்காது. நல்ல சுவரே கட்டினாலும், அதன் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும், மொத்தத் தடுப்பு 20 டெசிபலுக்கு மேல் ஏறாது. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை ஒன்றே அந்த வேலையைச் செய்துவிடும். சுவரில் போல்ட் போட்டு மாட்டிய ஸ்பீக்கர் இன்னும் மோசம், அதிர்வு செங்கல் வழியாகவே பக்கத்து வீட்டுக்குப் போகும்.

அளப்பதிலும் ஒரு வலை இருக்கிறது. மீட்டரில் வழக்கமாக வைக்கும் 'ஏ' அளவீடு 'பேஸ்' எனப்படும் தாழ்ந்த அதிர்வெண் சத்தத்தைக் குறைத்தே காட்டும். 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபலைக் கழித்துவிடும். அதனால் ஜன்னல் அதிர அதிர, மீட்டரில் 48 என்று நிற்கும். அதே இடத்தில் 'சி' அளவீட்டுக்கு மாற்றிப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் பதினைந்து, இருபது வித்தியாசம் வந்தால் ஆளைத் தூங்கவிடாதது பேஸ் என்று பொருள். செல்போன் ஆப்பை நம்பி நீட்டிப்பை எதிர்த்து மனுப் போட வேண்டாம், அதை ஒரு தோராயத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஒப்பிடுவதற்குக் கடை இல்லாத இரவின் அளவும் வேண்டும். அதற்குக் காந்தி ஜெயந்தி, மே தினம், திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள் போன்ற மதுக்கடை விடுமுறைகளைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அதே ஜன்னல், அதே நேரம், பதினைந்து நிமிடம். பிறகு ஒரு சனிக்கிழமை அதே அளவு.

பலருக்குத் தெரியாத ஒன்று: 2003-ஆம் ஆண்டு சில்லறை விற்பனை விதிகள் மாநகராட்சி, நகராட்சிகளில் 50 மீட்டரும் மற்ற இடங்களில் 100 மீட்டரும் தள்ளியிருக்கச் சொல்வது கோயில், பள்ளி போன்றவற்றிலிருந்து. வீட்டிலிருந்து எவ்வளவு தள்ளி என்று அந்தத் தூர விதியில் இல்லை. அந்தப் பகுதி வணிகப் பகுதி என்று வகைப்படுத்தப்பட்டிருந்தால் 50 மீட்டரும் பொருந்தாது, ஒலி அளவும் 65, 55 என்று ஏறிவிடும். ஆகவே மனு எழுதும் முன் உங்கள் தெரு எந்த வகையில் இருக்கிறது என்பதை ஊரமைப்பு அலுவலகத்தில் பார்த்துவிடுங்கள். "நாங்கள் குடியிருக்கிறோம்" என்பது மட்டும் அங்கே வாதமாகாது.

நீட்டிப்புக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் பொருட்படுத்த வேண்டியது சந்துக்கடை, அதாவது திருட்டுத்தனமாகச் சரக்கு விற்கும் இடம், பற்றிய வாதம். பத்து மணிக்குச் சாத்துவதால்தான் சந்துக்கடை பிழைக்கிறது, நேரத்தை நீட்டினால் அது ஒழியும் என்கிறார்கள். பாதி உண்மை. பதினொன்றுக்குச் சாத்தினால் சந்துக்கடை பதினொன்றுக்குத் தொடங்கும். காலையில் 12 மணி வரை அதற்கு இருக்கும் வியாபாரத்தை இந்த நீட்டிப்பு தொடவே தொடாது. இரண்டாம் ஷிப்ட் முடித்து வருபவருக்கு ஓர் இடம் வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. அந்த இடம் பைபாஸ் பக்கம், பேருந்து நிலையப் பக்கம் இருக்கட்டும்.

மனமகிழ் மன்றம் என்ற பெயரில் எஃப்.எல்.2 என்ற மன்ற உரிமத்தில் நடக்கும் இடங்களில் உறுப்பினரும் அவர்களின் விருந்தினரும் மட்டுமே குடிக்கலாம். அங்கே கூடுதல் நேரம் கேட்டால் முதலில் உறுப்பினர் பதிவேட்டைக் காட்டச் சொல்ல வேண்டும். வழியில் போகிறவரையெல்லாம் உள்ளே விடும் இடம் மன்றமே அல்ல.

எந்த நிலையிலும் கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கான்கிரீட் கூரை, ஒன்று மூடிய பின்பே மற்றது திறக்கும்படி இடையில் இரண்டு மீட்டர் விட்ட இரட்டைக் கதவு, பத்து மணிக்கு ஸ்பீக்கர் நிறுத்தம், உள்ளேயே போதிய கழிப்பறை, பைக் நிறுத்தம் வீடுகள் இல்லாத பக்கம், காலிப் பாட்டிலைக் காலை எட்டுக்குப் பிறகே மூட்டை கட்டுவது. இவ்வளவையும் செய்து மூன்று மாதம் அளந்து காட்டினால் அரை மணி நேரம் பேசிப் பார்க்கலாம். பாட்டில் விஷயம் அற்பமில்லை. இரவு பத்தரைக்குச் சாக்கில் கொட்டும் கண்ணாடிச் சத்தம் எந்தப் பாட்டையும்விட ஆளை எழுப்பும்.

ஏற்காட்டுக்கு மட்டும் அதுவும் வேண்டாம். எஸ்டேட் பக்க இரவு இயல்பாகவே அமைதியானது, 45 டெசிபலே அங்கே இரைச்சல். அதோடு சேலம் வரை 20 கொண்டை ஊசி வளைவு. ஒரு குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம், சுத்த ஆல்கஹாலாக 60 கிராம். உடல் மணிக்கு ஏழெட்டு கிராம்தான் கழிக்கும். பதினொன்று வரை குடித்தவர் விடியற்காலை ஐந்துக்கு வண்டியை எடுத்தாலும் ரத்தத்தில் மிச்சம் இருக்கலாம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவு.

மனுவைத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்பு நாளில் கொடுத்து ரசீது வாங்குங்கள். நகல் ஒன்று உதவி ஆணையர் (கலால்) அலுவலகத்துக்கு, மாநகரத்துக்குள் என்றால் இன்னொன்று போலீஸ் கமிஷனருக்கு. மனு கொடுக்கும் முன்பே, உரிமத்தில் எழுதியுள்ள நேரமும் நிபந்தனைகளும் என்னென்ன என்று 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். அந்தப் பதிலையும் இரண்டு இரவுகளின் அளவையும் மனுவோடு சேர்த்துப் பின் பண்ணுங்கள். 'பொதுமக்கள்' என்று மொட்டையாகக் கையெழுத்துப் போடாமல் கதவு எண்ணோடு போடுங்கள்.