கிரிப்டோ காயின் கம்பெனி விசா தராது. தர முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மதுரை பைபாஸ் ரோட்டு ஹோட்டல் ஹாலில் நடந்த கூத்தைப் பற்றித்தான். வீடியோ எல்லோருக்கும் வந்திருக்கும். "காயினை வாங்கிப் பூட்டி வைங்க, துபாய் கோல்டன் விசா வீடு தேடி வரும்" என்று மைக்கில் ஒருத்தர் சொல்ல, ஹாலே கைதட்டுகிறது.

கோல்டன் விசா என்பது அமீரகத்தில் நீண்ட காலம் தங்க அனுமதி. அதைத் தருவது அரசாங்கம். காயின் கம்பெனி இல்லை.

ஹாலில் கொடுத்த நோட்டீஸைப் பாருங்கள். 2025 ஜூலையில் டோன்காயின் என்ற கிரிப்டோ காயினின் தரப்பு விட்ட அறிவிப்பை அப்படியே அச்சடித்திருக்கிறார்கள். ஒரு லட்சம் டாலருக்குக் காயின் வாங்கி மூன்று வருஷம் ஸ்டேக்கிங்கில் (விற்காமல் முடக்கி வைப்பது) பூட்டணும், 35,000 டாலர் கட்டணம், பத்து வருஷ விசா. அன்றைய ரேட்டில் சுமார் 85 லட்சமும் 30 லட்சமும். ஓரிரு நாளில் அமீரகக் குடியேற்ற ஆணையம், பங்குச் சந்தை ஆணையம், துபாயின் கிரிப்டோ கட்டுப்பாட்டு அமைப்பான வாரா மூன்றும் சேர்ந்து "டிஜிட்டல் சொத்து வைத்திருப்பதற்காக கோல்டன் விசா கிடையாது" என்று மறுத்துவிட்டன. ஏறின விலை இறங்கியது. நோட்டீஸில் அறிவிப்பு இருக்கிறது, மறுப்பைக் காணோம். கட்டணத்தை மட்டும் 3,500 டாலராகக் குறைத்திருக்கிறார்கள். ஆடித் தள்ளுபடி போல!

"கம்பெனிக்கு துபாய் லைசென்ஸ் இருக்கே?" இருக்கட்டுமே. மாட்டுத்தாவணியில் கடை லைசென்ஸ் வைத்திருப்பவர் உங்களுக்குப் பட்டா போட்டுத் தருவாரா?

"எல் சால்வடார் தருதே?" தருகிறது. 2023 டிசம்பரில் அறிவித்தார்கள், பத்து லட்சம் டாலர் பிட்காயினிலோ டாலர் மதிப்போடு கட்டிய யுஎஸ்டிடி காயினிலோ. அறிவித்தது யார்? அந்த நாட்டு அரசாங்கம். நான் சொல்வதும் அதுதானே.

"பொறாமை" என்பவர்களுக்குப் பதில் இல்லை.

அமீரகத்தில் சொத்து வழியாகப் போக 20 லட்சம் திர்ஹாம் வேண்டும், நாலரைக் கோடிக்கு மேல். ஆனால் பத்திரம் உங்கள் பேரில் இருக்கும். விண்ணப்பம் குடியேற்றத் துறைக்கு, துபாய் என்றால் ஜிடிஆர்எஃப்ஏவுக்கு. பிறகு மெடிக்கல், எமிரேட்ஸ் ஐடி. இங்கே காயின் யாருடைய வாலட்டில், அதாவது டிஜிட்டல் பணப்பையில், இருக்கிறது? ஹாலில் வாலட்டைத் திறக்கும் 24 வார்த்தை ரகசியச் சொற்றொடரை "செட்டப் பண்ணித் தர்றோம்" என்று வாங்கி எழுதிக்கொண்டார்கள். அந்தச் சொற்கள் கைமாறினால் காயினும் கைமாறிவிட்டது. பூட்டைப் போட்டு, சாவியை எதிராளியிடம் கொடுப்பதற்குப் பெயர் ஸ்டேக்கிங்கா?

இந்தியாவில் கட்ட வேண்டிய வரியையும் யாரும் சொல்லவில்லை. லாபத்துக்கு 30 சதவீதம், விற்கும்போது ஒரு சதவீதம் டிடிஎஸ். நஷ்டத்தை வேறு வருமானத்தில் கழிக்கவும் முடியாது. பி2பியில், அதாவது ஆளுக்கு ஆள் நேரடியாக, யுஎஸ்டிடி வாங்கி விற்கும்போது எதிர்முனைக்காரன் பணம் திருட்டுப் பணமாக இருந்தால் உங்கள் பேங்க் கணக்கு முடங்கும்.

மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வளைகுடா போனவர்கள் நகையை அடகு வைத்தாலும், விசா காப்பியை நாலு பேரிடம் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் ஏஜெண்டிடம் பணம் கொடுத்தார்கள். ஹாலில் இருந்தவர்கள் பட்டம் வாங்கியவர்கள். ஒருத்தர்கூட "எந்தச் சட்டத்தில் இருக்கு?" என்று கேட்கவில்லை. வெள்ளைச் சட்டைக்கும் ஏசிக்கும் இருக்கிற மரியாதை கேள்விக்கு இல்லை.

பணம் அனுப்பியவர்கள் இன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள். பரிவர்த்தனை ஹாஷ் (அதன் அடையாளக் குறியீடு), வாலட் முகவரி, பேங்க் ரசீது எல்லாம் எடுத்து வையுங்கள். கோபத்தில் வாட்ஸ்அப் குரூப்பை விட்டு வெளியேறாதீர்கள், ஆதாரம் அங்கேதான் இருக்கிறது.

அடுத்த கூட்டம் திண்டுக்கல்லாம்.