கிணற்று நைத்திரேற்றைக் காட்டி மீன் விற்கிறார்கள்

"நைத்திரேற்று வந்துவிட்டது தம்பி, தொட்டி தயார். மீனைக் கொண்டுபோய் விடுங்கள்." என் பரிசோதனைத் தாளைப் பார்த்து வளர்ப்பு மீன் கடைக்காரர் ஒருவர் சொன்னது இது. மீன் கழிவில் வரும் அமோனியா என்ற நஞ்சைப் பக்டீரியா மாற்றி முடித்தால் கடைசியில் மிஞ்சுவது நைத்திரேற்று; அதனால் அதைத் தொட்டி தயாரானதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டார். கடல்நீர்த் தொட்டிக்கு அன்று வயது ஐந்து நாள். அவர் பேச்சை நம்பி இரண்டு நீல டாம்செல் மீன்களை வாங்கிவந்தேன். மூன்றாம் நாள் காலை இரண்டும் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின, மாலைக்குள் செத்துப்போயின. சோதித்தால் அமோனியாக் குப்பி கடும்பச்சை, அதாவது நஞ்சு ஏறிக் கிடக்கிறது.

அப்படியானால் அந்த நைத்திரேற்று எங்கிருந்து வந்தது? என் கிணற்றிலிருந்து! உப்பு ஒரு சிட்டிகைகூடச் சேர்க்காத வாளித் தண்ணீரில் தாளை நனைத்துப் பார்த்தேன், அதே இளஞ்சிவப்பு. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அள்ளிப் போடும் உரம் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி நிலத்தடி நீரில் கலக்கிறது என்பது இங்கே யாருக்குத் தெரியாது? குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையையே தாண்டிய கிணறுகள் இங்கே இருக்கின்றன. குழந்தைக்குப் பால்மா கரைக்க அஞ்ச வேண்டிய நீர் அது. இந்த ஊரிலேயே கடை வைத்திருப்பவர், "என்ன தண்ணீர் ஊற்றினீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

அமோனியாவை ஒருவகைப் பக்டீரியா நைத்திரைற்றாக்க வேண்டும். அதை வேறொரு வகை நைத்திரேற்றாக்க வேண்டும். கல்லிலும் மணலிலும் வடிகட்டியிலும் அவை ஒட்டிப் பெருகப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியத்துக்கு இறங்கும்வரை அந்தத் தண்ணீரில் மீனுக்கு இடமில்லை. கடல்நீரில் காரத்தன்மையைக் காட்டும் பிஎச் 8.2 அளவில் நிற்பதால் அமோனியாவின் நச்சு வடிவம் கூடுதலாக இருக்கும்; நமது வெயிலுக்குத் தண்ணீர் 29 பாகைக்கு ஏறினால் இன்னும் கூடும். "டாம்செல் எதையும் தாங்கும்" என்று சொல்லியே விற்கிறார்கள். செவுள் எரிந்து சாவதற்குப் பெயர் தாங்குவதா? பவளப்பாறையில் ஓடித்திரிந்த உயிர் ஐயா அது!

எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கினேன். இம்முறை கரைந்த உப்புகளை வடித்தெடுத்த ஆர்.ஓ. தண்ணீர் வாங்கி, லீற்றருக்கு 35 கிராம் உவர்ப்பு வரும்வரை உப்பைக் கரைத்தேன். மீன் இல்லை, பக்டீரியாவுக்கு உணவாக மில்லியனுக்கு 2 பங்கு வரும்படி குப்பி அமோனியா மட்டும். ஆவியாகிக் குறைவதற்கு மாலைதோறும் உப்பில்லாத தண்ணீர் விடுகிறேன். அதற்கும் அந்தக் கடையில் "உப்புத் தண்ணீரையே ஊற்றுங்கள்" என்றார்கள். தண்ணீர்தானே ஆவியாகிறது, உப்பு எங்கே போகிறது? அவர் பேச்சைக் கேட்டிருந்தால் ஒரு மாதத்தில் தொட்டி உப்பளமாகியிருக்கும்.

இன்று 27ஆவது நாள். அமோனியா ஒரே நாளில் இறங்கிவிடுகிறது. நைத்திரைற்றுச் சோதனை மட்டும் இன்னும் இறங்காமல் ஊதாவிலேயே நிற்கிறது. எத்தனை நாளானாலும் பார்த்திருப்பேன். ஆனால் நேற்று உப்பு வாங்கப் போனபோது கண்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. பள்ளிச் சீருடையோடு ஒரு பையன், கையில் அதே நீல மீன் பை. "தொட்டி எப்போது வைத்தாய், தம்பி?" என்றேன்.

"முந்தாநாள், அண்ணை."

என்ன தண்ணீர் என்று கேட்டேன். வீட்டுக் கிணற்றுத் தண்ணீராம். கடைக்காரர் மிச்சக் காசை எண்ணிக்கொண்டிருந்தார்.