திண்டை இடித்துவிட்டுப் பூங்கா திறந்திருக்கிறார்கள்

நேற்றிலிருந்து திறப்பு விழாப் படங்களாகவே வந்து விழுகின்றன. புல்தரை இருக்கிறது, கலர் விளக்கு இருக்கிறது, பூங்கா பெயரை ஆளுயர எழுத்தில் வைத்திருக்கிறார்கள். எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு படத்திலாவது யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா? பெரிதாக்கித் தேடிப் பாருங்கள்.

மரத்தைச் சுற்றியிருந்த பழைய கல் திண்டை ஏன் இடித்தீர்கள் என்றால், "லுக்கே இல்லை" என்று பதில். அந்தத் திண்டு லுக்குக்காகக் கட்டியதில்லை ஐயா, உட்காரக் கட்டியது. ஏறக்குறைய முழங்கால் உயரம், அதாவது 45 செ.மீ. முட்டி வலிக்காரர்கள் கை ஊன்றாமல் எழுந்துவிடலாம். வட்டமாக இருந்ததால் பக்கத்தில் இருப்பவரிடம் பேச வேண்டுமென்றால் லேசாகத் திரும்பினால் போதும். பேசப் பிடிக்கவில்லையா, நேராகப் பார்த்து உட்காரலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நேர் பெஞ்சில் மூன்று பேர் பேசிப் பாருங்கள், நடுவில் இருப்பவருக்குக் கழுத்து வலிதான் மிஞ்சும்.

இப்போது வந்திருப்பவை ஸ்டீல் பெஞ்சுகள். சுவரோரம், மேற்குப் பார்த்து. மாலை வெயிலில் தோசைக்கல். நடுவில் ஒரு கம்பி வேறு. ஓரத்தில் கைப்பிடி இருந்தால் வயதானவர்கள் பிடித்து எழ உதவும். நடுக்கம்பி யாரும் படுத்துவிடக் கூடாது என்பதற்கு மட்டும்தான். இருக்கையின் ஆழம் 60 செ.மீ. சாய்ந்தால் கால் தரையில் படாது, கால் ஊன்றினால் சாய முடியாது. வடிவமைத்தவர் அதில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்திருக்கலாம்.

1970களில் வில்லியம் வைட் என்ற நகர ஆய்வாளர் நியூயார்க்கின் திறந்தவெளிகளில் கேமரா வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: உட்கார இடம் இருக்கும் இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள். இதற்குக் கேமரா வேண்டுமா என்று சிரிக்காதீர்கள், நம் ஆட்களுக்கு இன்னும் தெரியவில்லையே. எதிரே வருபவரின் முகபாவம் 20, 25 மீட்டருக்குள்தான் பிடிபடும் என்று டென்மார்க் கட்டடக் கலைஞர் யான் கேல் எழுதியிருக்கிறார். திண்டிலிருந்து ஊஞ்சல் அந்தத் தூரத்துக்குள்தான் இருந்தது. குழந்தை விழுந்தால் அழப்போகிறதா, எழுந்து ஓடப்போகிறதா என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும். புதுப் பெஞ்சிலிருந்து பார்த்தால் யார் வீட்டுக் குழந்தை என்றே தெரியாது.

மரத்தையும் விட்டுவைக்கவில்லை. தண்டை ஒட்டி சிமெண்ட். தண்ணீர் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல் அரை மீட்டர் மண்ணில்தான் இருக்கும், அவற்றுக்குக் காற்றும் வேண்டும். மேலே மூடினால் உடனே ஒன்றும் தெரியாது. சில வருடம் கழித்து உச்சிக் கிளை காயும், வேர் பேவர் பிளாக்கைத் தூக்கும், அப்புறம் "ஆபத்தான மரம்" என்று அதையும் வெட்டுவார்கள். சரி, பழைய திண்டிலும் ஒரு தப்பு இருந்தது. தண்டின்மேல் மண்ணைக் குவித்து நிரப்பியிருந்தார்கள், அதில் பட்டை அழுகும். அதைச் சரிசெய்யச் சொல்லியிருந்தால் நானே கைதட்டியிருப்பேன்.

"ராத்திரி அங்கே குடித்தார்களே?" குடித்தார்கள். விளக்கு எரியாத மாதங்களில். மாலை முழுக்க ஆள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் யார் வந்து பாட்டிலைத் திறப்பார்? தெருவின்மேல் கண்கள் இருக்க வேண்டும் என்று நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961இலேயே சொல்லிவிட்டார். அந்தக் கண்களைத்தான் நீங்கள் எழுப்பி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். மாட்டிய புது விளக்கும் உயரக் கம்பத்தில், மரக்கிளைக்கு மேலே! இலைக்கு நல்ல வெளிச்சம், அடியில் கும்மிருட்டு. கிளைக்குக் கீழே நாலு மீட்டரில் மாட்டினால் ஆள் முகம் தெரியும்.

"குப்பையாகக் கிடந்தது." கூட்டியிருக்கலாம்.

"பராமரிப்புச் செலவு?" இது நியாயமான கேள்வி. மரப் பெஞ்சென்றால் எண்ணெய் பூச வேண்டும், பலகை மாற்ற வேண்டும். ஆனால் இடித்தது கல் திண்டு. அதற்கு என்ன செலவு?

"உனக்கு எதிலும் குறைதான்" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். அவரும் அந்தத் திண்டில் உட்கார்ந்தவர்தான், அதனால்தான் வலிக்கிறது. தினமும் அங்கே வந்த இரண்டு பெரியவர்கள், ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. ஒருவர் வராவிட்டால் மற்றவர் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். இந்த உறவுக்கு எந்த வரைபடத்தில் இடம் போட்டீர்கள்? வரைபடத்தை எங்களிடம் காட்டினீர்களா? ஒரு வார்த்தை கேட்டீர்களா? ரிப்பன் வெட்டும்போது மட்டும் நாங்கள் "பொதுமக்கள்".

உடைத்த கற்கள் இன்னும் பின்பக்கம்தான் குவிந்து கிடக்கின்றன. தண்டைச் சுற்றி ஒரு மீட்டருக்காவது சிமெண்டைப் பெயர்த்து மண்ணைத் திறந்து விடுங்கள். அதற்கு வெளியே, அஸ்திவாரம் தோண்டி வேரை வெட்டாமல், அந்தக் கற்களையே 45 செ.மீ உயரத்துக்கு அடுக்குங்கள். திறப்பு விழா வேண்டாம், நாங்களே வந்து உட்கார்ந்துகொள்கிறோம்.